குமரிக் கடற்கரையில் எல்லாரும் நடக்கலாம்: கடைசி ஐம்பது அடியை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

போன வருடம் அம்மா, சித்தப்பா, சித்தி, அக்கா, அக்காவின் ஆறு வயது மகள், நான் என்று ஆறு பேர் கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சமதரையில் இருநூறு அடி நடப்பார், படி என்றால் முகம் மாறிவிடும். சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. ரொம்ப நாள் காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டு நடந்தவர், ஐம்பதைத் தாண்டியதும் தோள்வலி தாங்காமல் சக்கர நாற்காலிக்கு மாறிவிட்டார். மூன்று நாள் இருந்தோம். அதில் இவர்கள் இரண்டு பேரும் கடலைப் பக்கத்தில் பார்த்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் படிக்கட்டுகளைத்தான் பார்த்தோம்.

இந்த வருடம் பிப்ரவரியில் திரும்பவும் போனோம், இந்த முறை ஒழுங்காக விசாரித்துவிட்டு. அதே ஊர், அதே கடல், சித்தப்பா ஒரு நாளில் மூன்று இடம் பார்த்தார். இடையில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் கீழே வரிசையாகப் போடுகிறேன். கன்னியாகுமரியில் தொடங்கி மேற்கே முட்டம் வரைக்கும், கிழக்கே வட்டக்கோட்டை வரைக்கும்தான் இதில் வரும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடமாக இருந்தாலும் கார் நிற்கும் இடத்திலிருந்து கடல் தெரியும் இடம் வரைக்குமான அந்தக் கடைசி ஐம்பது அடி எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. படத்தில் அது தெரியாது. படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அந்த ஐம்பது அடியைத் தாண்டிப் போய்த்தான் எடுக்கிறார்கள்.

1. வீட்டிலேயே ஆளை அளந்துகொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள், இதைச் செய்யாமல் போனதுதான் எங்கள் முதல் தப்பு. அம்மாவிடம் "நடப்பீங்களாம்மா" என்று கேட்டால் "அதெல்லாம் நடப்பேன்" என்றுதான் சொல்வார். தெருவில் கூட்டிக்கொண்டு போய், உட்காராமல் எவ்வளவு தூரம், எத்தனை படி, கைப்பிடி இல்லாமல் ஒரு படியாவது முடியுமா என்று பார்த்துவிடுங்கள். கழிப்பறைக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசியில் உங்கள் அட்டவணையைத் தீர்மானிக்கப்போவது சூரிய உதயம் இல்லை, அதுதான்.

சக்கர நாற்காலியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் தள்ளப் பிடிக்கும் ஒரு கைவளையத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு கைவளையத்தின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும், இருக்கையின் அகலத்தை இல்லை. சித்தப்பாவின் நாற்காலியில் இருக்கை 18 அங்குலம், மொத்த அகலம் 25. இந்த ஏழு அங்குல வித்தியாசத்தால் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போயிற்று, அதை நாலாவது தலைப்பில் சொல்கிறேன்.

2. ஆவணங்கள்: நாலு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள்

முழங்கால் வலி, வயது என்று மட்டும் இருப்பவர்களுக்கு ஆதார் அட்டை போதும், இந்தத் தலைப்பைத் தாண்டிப் போகலாம். மாற்றுத்திறனாளி யாராவது உடன் வந்தால் இரண்டு அட்டை வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

முதலாவது யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் தனி அடையாள அட்டை. சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். அட்டையின் நிறத்தைப் பார்த்தே குறைபாட்டின் அளவு தெரியும்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம். விண்ணப்பத்தை முடித்துக்கொடுக்க விதிகளில் உள்ள கெடுவே 2024 அக்டோபரில் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிவிட்டது, அதனால் அடுத்த மாதம் பயணம் என்று வைத்துக்கொண்டு இப்போது விண்ணப்பித்துப் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது ரயில்வேயின் அடையாள அட்டை. யூடிஐடி கையில் இருந்தால் ரயில் கட்டணச் சலுகை தானாக வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். வரவில்லை. ரயில்வேக்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அதில் அரசு மருத்துவரிடம் சான்று வாங்கி, ரயில்வேயின் மாற்றுத்திறனாளி அட்டைக்கான தளத்தில் ஏற்ற வேண்டும். அவர்கள் சரிபார்த்து அட்டை எண் கொடுத்தபிறகுதான் ஐஆர்சிடிசியில் சலுகை டிக்கெட் எடுக்க முடியும். கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தச் சான்றில் "துணையின்றிப் பயணிக்க இயலாதவர்" என்ற வரி இருந்தே ஆக வேண்டும், வெறும் சதவீதம் மட்டும் எழுதியிருந்தால் சலுகை இல்லை. சித்தப்பாவுக்கு முதல் முறை அந்த வரி விட்டுப்போய், இன்னொரு நாள் லீவு போட்டுத் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. சான்று கையில் வந்ததும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். முத்திரை, மருத்துவர் பதிவு எண், பாதி படத்தின் மேல் விழுகிற மாதிரி கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வெளியே வாருங்கள்.

கிடைத்துவிட்டால் பலன் பெரிது. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி, இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதம். உடன் வரும் துணை ஒருவருக்கும் அதே தள்ளுபடி உண்டு. முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் குறையாது.

3. ரயில் டிக்கெட்: எல்லாரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள்

2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் இது: 60 வயதான ஆண், 45 வயதான பெண் ஆகியோருக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் தனியாகவோ, அந்த வயதுக்குள் வருகிற இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் போட்டால்தான் அது செல்லும். மூன்றாவது ஆளைச் சேர்த்தாலோ, இளவயதுக்காரர் ஒருவரைச் சேர்த்தாலோ ஒதுக்கீடு போய்விடும். முதல் முறை குடும்பம் பிரியக்கூடாது என்று ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டேன். அம்மாவுக்கு மேல் பெர்த் வந்தது. தாம்பரத்தில் ஏறியதிலிருந்து பெட்டி முழுக்க நடந்து ஆள் ஆளாகக் கெஞ்சி, விழுப்புரம் தாண்டித்தான் ஒரு கல்லூரிப் பையன் மாற்றிக்கொடுத்தான். இரண்டாவது முறை அம்மாவும் சித்தியும் ஒரு டிக்கெட், சித்தப்பாவும் துணையாக நானும் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், அக்காவும் மகளும் ஒன்று. மூன்றும் ஒரே பெட்டியில் விழவில்லை, அதனால் என்ன, அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியதுதான். ரயில் டிக்கெட் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் எங்கே இறங்குவது? நாகர்கோவிலில் இறங்கினால் முட்டம் பக்கம் கிட்டத்தில் இருக்கும், உண்மைதான். ஆனால் கன்னியாகுமரி வரை போகிற ரயில் நாகர்கோவிலில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். மடக்கிய நாற்காலி, பெட்டிகள், அம்மா, தூக்கத்தில் இருக்கும் குழந்தை எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் இறக்க வேண்டும். கன்னியாகுமரி கடைசி நிலையம். ரயில் அங்கேயே நிற்கும், எல்லாரும் போனபிறகு மெதுவாக இறங்கலாம். நாங்கள் சித்தப்பாவை இறக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். வந்தே பாரத் ரயில் நாகர்கோவிலோடு முடிகிறது, அதிலும் கடைசி நிலையம் என்ற வசதி உண்டு, ஆனால் பகல் முழுக்க உட்கார்ந்தே வர வேண்டும், முழங்கால்காரர்களுக்கு அது கஷ்டம்.

4. அறை: "லிஃப்ட் இருக்கிறது" என்ற பதிலை நம்பாதீர்கள்

முதல் முறை தங்கிய இடத்தில் லிஃப்ட் இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த லிஃப்டுக்குப் போக வாசலில் ஆறு படி ஏற வேண்டும். அதையும் தூக்கிக் கடந்துவிட்டோம். அறைக்குள் போனால் குளியலறைக் கதவு 24 அங்குலம். நாற்காலி 25. ராத்திரி இரண்டு மணிக்குச் சித்தப்பாவை நானும் சித்தியும் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதனால் இப்போது போனில் கேட்பதில்லை, வாட்ஸாப்பில் நாலு படம் கேட்கிறேன்: தெருவிலிருந்து வாசல், வாசலிலிருந்து லிஃப்ட், குளியலறைக் கதவின் குறுக்கே டேப் பிடித்த படம், கழிப்பறை. நான் விசாரித்த ஏழு இடங்களில் மூன்று பேர்தான் டேப் படம் அனுப்பினார்கள், அந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுத்தோம். சாய்தளம் இருக்கிறது என்று சொன்னால் நீளத்தையும் கேளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சரியான கணக்கு. மூன்று படியின் மேல் சாய்த்துப் போட்ட சிமெண்ட் சறுக்கு மோட்டார் பைக் ஏற்றுவதற்கு, மனிதருக்கு இல்லை.

கன்னியாகுமரியா, நாகர்கோவிலா என்றால் என் ஓட்டு கன்னியாகுமரிக்கு, ஆனால் கோவில் பக்கம் நெரிசலான தெருக்களை விட்டுத் தள்ளி எடுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை சீசன், ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் அறை விலையும் ஏறும், நடைபாதையும் நிரம்பும்.

5. வண்டி

தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவர் துணைக்கும் கட்டணம் இல்லை. நடக்கக்கூடியவர்களுக்கு அது நல்ல வழிதான், நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து கடலோர ஊர்களுக்கெல்லாம் பஸ் போகிறது. வடசேரி நிலையம் வெளியூர் பஸ்களுக்கு, அங்கே போய் முட்டம் பஸ்ஸைத் தேடாதீர்கள். ஆனால் பஸ்ஸின் முதல் படி அம்மாவின் முழங்கால் உயரத்தில் இருந்தது. சக்கர நாற்காலியோடு நினைத்தே பார்க்க வேண்டாம்.

டிரைவரோடு ஒரு பெரிய காரை நாள் வாடகைக்கு எடுத்தோம், ஒரு நாளைக்கு 3,400 ரூபாயும் டிரைவர் படியும். டிரைவரிடம் முதல் நாளே "எங்களுக்கு இடம் முக்கியம் இல்லண்ணே, கார் எவ்வளவு கிட்டப் போகும்ங்கிறதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவரே பார்த்துக்கொண்டார். ஓர் இடத்தில் நான் கதவைத் திறக்கப் போனபோது, "அம்மைய இங்க எறக்காண்டாம் மக்கா, அந்தால சாய்ப்பு உண்டு" என்று வண்டியை நூறு அடி பின்னால் எடுத்துக்கொண்டு போனார். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் அது.

6. நடைகள்

எளிதானதில் தொடங்கி வரிசைப்படுத்துகிறேன்.

வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர், தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கடற்கரையிலும் சக்கர நாற்காலிக்காரர்கள் கடலை உயரத்திலிருந்து பார்க்க இதுதான் இடம், ஏனென்றால் மதில் மேலே போகப் படிக்குப் பதிலாகக் கல் பாவிய அகலமான சரிவு இருக்கிறது. கற்கள் மேடுபள்ளம்தான், சிறிய முன்சக்கரம் இடுக்கில் மாட்டும். அதனால் ஏறும்போது பின்னால் தள்ள ஒருவர், பக்கத்தில் ஒருவர், நாற்காலியைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து முன்சக்கரம் தரையில் படாமல் கொண்டுபோங்கள். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, உட்கார்ந்திருப்பவர் முதுகு சரிவைப் பார்க்கிற மாதிரி, பின்னோக்கி இறக்க வேண்டும். முன்னோக்கி இறக்கினால் ஆள் வழுக்கி விழுந்துவிடுவார். மேலே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புக்கு மேலே மலையும் காற்றாலைகளும். சித்தப்பா மதில் ஓரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நாங்கள் கிளம்பலாம் என்றபோது "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றார். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், நிழல் குறைவு. மாலை என்றால் ஐந்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம், கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே மேற்குக் கடற்கரைச் சாலையில் பாலம் போகிறது. தரை தார்ச்சாலை, ஏற்றம் ரொம்பக் குறைவு, அம்மா மாதிரி ஆட்களுக்கு இது மனசுக்குப் பிடித்துவிடும். ஒரு பக்கம் பொழி (ஆறு கடலில் விழும் வாய்), மறுபக்கம் காயலும் தென்னையும் அலையாத்திச் செடிகளும். காலை ஆறரைக்கு வாகனம் குறைவு, எட்டுக்கு மேல் சாலையில் நிற்பது நல்லதில்லை. ஒரு மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் நடு நடுவே உட்காரலாம். வண்டியை பாலத்தின் ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனையில் காத்திருக்கச் சொல்லுங்கள், அப்போது திரும்பி நடக்க வேண்டியதில்லை. இந்த ஒரு யோசனையே அம்மாவின் நடையை இரண்டு மடங்காக்கியது. அதே சாலையில் பக்கத்தில் புத்தளம் உப்பளங்கள், காரில் இருந்தே பார்க்கலாம், பறவை பிடித்தவர்களுக்கு ஒரு பைனாகுலர் இருந்தால் அரை நாள் அங்கேயே போய்விடும்.

சொத்தவிளை. நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மணல், நடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, சாலை கடலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. சக்கர நாற்காலிக்கு மணல்தான் பிரச்சினை. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்தார்களே, 263 மீட்டருக்கு மரப்பாதை, அந்த மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். நாங்கள் செய்தது என்னவென்றால், நாலடிக்கு இரண்டரை அடி அளவில் மூன்று பிளைவுட் பலகைகளை நாகர்கோவிலில் அறுத்து வாங்கி, ஒன்றன் முன் ஒன்றாகப் போட்டு, கடந்த பலகையை எடுத்து முன்னால் போட்டு, அப்படியே நகர்ந்தோம். அறுபது அடிக்கு இருபது நிமிடம். அக்கா மகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது, பலகையை இழுத்துக்கொண்டு ஓடுவது அவள் வேலை. பலகை இல்லையென்றால் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள், பெரிய சக்கரம் முதலில் போனால் மணல் அவ்வளவாக விழுங்காது. தள்ளினால் பத்தாவது அடியில் முன்சக்கரம் புதைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் கடலோர ஊர்களில் மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள், காலையில் தேவாலயத்துக்கு முன்னால் கூட்டமும் வண்டிகளும் இருக்கும். வாரநாளில் வந்தால் கரமடி (கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை) இழுப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. நாங்கள் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் மடி கரைக்கு வந்தபோது உள்ளே துள்ளியது பாதி நெத்திலி, பாதி சொறி (ஜெல்லி மீன்). கயிறு போகும் வழியில் நாற்காலியை நிறுத்தாதீர்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

முட்டம். நாகர்கோவிலிலிருந்து பதினாறு கிலோமீட்டர் இருக்கும். பாறையும் செம்மண் மேடும் கலங்கரை விளக்கமும் சேர்ந்து படத்தில் மயக்கும், ஆனால் இது கடைசி ஐம்பது அடியில் ஏமாற்றும் இடம். கீழே மணலுக்குப் போகப் படிதான். கலங்கரை விளக்கத்துக்குள்ளும் படிதான். படி ஏற முடியாதவர்களை மேலேயே, கார் நிற்கும் மேட்டில், கடலைப் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து போய்வாருங்கள். ஒரே கூட்டமாகப் போய்விட்டு மேலே ஒருவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள், அதையும் நாங்கள் செய்திருக்கிறோம், அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். பாறைகளில் பாசி இருக்கும், ஈரப் பாறையில் குழந்தைகளை ஏற்றவே கூடாது.

விவேகானந்தர் பாறையும் கண்ணாடிப் பாலமும். பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் பாலம் தட்டையாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் சக்கர நாற்காலியோடு வந்துவிடுகிறார்கள். அங்கே போய்ச் சேரப் படகில் ஏற வேண்டும், அலையில் மேலும் கீழுமாக ஆடும் படகிலிருந்து துறைக்குக் கால் வைக்க வேண்டும், அப்புறம் பாறையில் படி. டிக்கெட் வரிசையும் பெரிது. சித்தப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கரையிலிருந்து பார்த்தோம். நல்ல முடிவு.

தேங்காய்ப்பட்டணம், சங்குத்துறை, லெமூர் கடற்கரை மூன்றையும் காரிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நின்று பார்த்ததோடு சரி, அதனால் வழி சொல்ல மாட்டேன். வழியெங்கும் கருங்கல் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) வருகிற இடங்களில் கடல் தெரியும், இறங்க முடியாது, மேப்பில் "பீச்" என்று போட்டிருந்தாலும்.

7. கடலை நம்பாதீர்கள்

இந்தப் பகுதியில் கள்ளக்கடல் என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கேயோ தெற்கே ஆழ்கடலில் கிளம்பிய அலை இங்கே காற்றும் மழையும் இல்லாத நல்ல வெயில் நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது, எச்சரிக்கை வெளியாகியிருந்த நாள் அது. ஓடித் தப்பிக்க முடியாதவர்களோடு போகிறீர்கள் என்பதை மறக்காமல், நாற்காலியை ஈர மணலின் கோட்டுக்கு முப்பது அடி மேலேயே நிறுத்துங்கள், பிரேக் போட்டு, கடலுக்கு முகம் காட்டி. காலையில் செய்தியில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் கொடுப்பதைத்தான் எல்லாரும் வெளியிடுகிறார்கள். இருந்தால் அன்றைக்கு வட்டக்கோட்டை மதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதம்: ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை சிறப்பு. ஏப்ரல், மே வேண்டாம், வெயிலும் கள்ளக்கடலும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு, இந்த மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. நேரம்: காலை ஒன்பதரை வரை, மாலை நாலுக்கு மேல். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பாக இருக்கும், இல்மனைட் கலந்தது, பதினொரு மணிக்குச் செருப்பில்லாமல் கால் வைத்தால் கொப்பளித்துவிடும். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் சூடு தெரியாமலே சுட்டுக்கொள்வார்கள், அவர்களுக்கு மூடிய செருப்பு போட்டுவிடுங்கள்.

எண்கள்: ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்பு 1093, கடலோரக் காவல்படை 1554, ரயில் உதவி 139. பெரிய அரசு மருத்துவமனை நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில்.

8. கழிப்பறை

தனித் தலைப்பு கொடுத்தே ஆக வேண்டும். கடற்கரைகளில் கழிப்பறை இருக்கும் இடத்திலும் பூட்டு இருக்கலாம், பூட்டு இல்லாத இடத்தில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், தண்ணீர் இருந்தால் இந்தியன் டாய்லெட்டாக இருக்கலாம். அம்மாவால் குந்த முடியாது. கடலோரத்தில் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே மெயின் ரோட்டில் ஒரு நல்ல உணவகத்தைக் குறித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தை அதற்கு ஏற்ப வைத்தோம். மடக்கும் கமோடு நாற்காலி ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டோம், அறையிலும் உதவியது. தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கலாம் என்று பெரியவர்கள் நினைப்பார்கள், விடாதீர்கள், அந்த வெயிலில் மயக்கம்தான் வரும்.

9. எங்களுக்கு ஆன செலவு

ஆறு பேர், மூன்று நாள், இரண்டு ராத்திரி. கார் மூன்று நாளுக்குப் படியோடு 11,400. அறை இரண்டு, ஒன்று 2,600 வீதம் இரண்டு ராத்திரிக்கு 10,400. பிளைவுட் அறுப்புக் கூலியோடு 1,350. சாப்பாடு 7,000 சொச்சம், அதில் ஒரு மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மட்டும் ஆறு பேருக்கு 900, மற்ற எல்லாச் சாப்பாட்டையும் விட அதுதான் நினைவிருக்கிறது. பார்க்கிங், நுழைவு, இளநீர், நுங்கு என்று இன்னொரு 1,500. ரயில் தனி, அது நீங்கள் எடுக்கும் வகுப்பைப் பொறுத்தது. சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கிங் ரசீது போடுகிற இடத்தில் சிக்னல் இல்லாமல் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும்.

பலகைகளைத் திரும்பி வரும்போது டிரைவரிடமே கொடுத்துவிட்டோம். ரயிலில் ஏற்றவும் முடியாது, அவருக்கும் எங்களைப் போல் அடுத்த சவாரி வரலாம். நீங்கள் போவதாக இருந்தால் முதல் நாள் காலையிலேயே உங்கள் டிரைவரிடம் பலகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், 1,350 ரூபாய் மிச்சமானாலும் ஆகலாம்.